ரெகுலேட்டருக்குச் சந்தனம் கிடையாது

ஆயுத பூஜையன்று எங்கள் பட்டறையில் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் உண்டு. லேத்துக்கு உண்டு, டிரில்லிங் மெஷினுக்கு உண்டு, பிடி ஆடும் பழைய சுத்தியலுக்கும் உண்டு. ஆக்சிஜன் ரெகுலேட்டருக்கு மட்டும் கிடையாது. விளக்குக்கு எண்ணெய் ஊற்றிய கையோடு அந்தப் பக்கம் யாரும் போகவும் கூடாது. நிறைத்த சிலிண்டருக்குள் ஆக்சிஜன் ஏறத்தாழ 150 பார் அழுத்தத்தில் இருக்கிறது. வால்வைச் சட்டென்று திறந்தால் ரெகுலேட்டரின் வாயில் போய் முட்டி, இறுகி, அந்த இறுக்கத்திலேயே சூடேறும். அங்கே துளி எண்ணெயோ கிரீஸோ இருந்தால் தீப்பொறி வேண்டாம்; ரெகுலேட்டரே பற்றிக்கொள்ளும்.

பக்கத்து ஷெட்காரருக்கு இது பெரிய குறை. "வருஷத்துக்கு ஒரு நாள் வைக்கிற சந்தனம், அதுலயும் கணக்குப் பார்க்கறியேப்பா" என்பார். என்னைவிட ரொம்ப மூத்தவர்; அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் அவரைப்போல ஒரு பக்திமானைப் பார்ப்பது அபூர்வம். பிரதோஷம் தவறாமல் திருமுல்லைவாயில் மாசிலாமணீஸ்வரர் கோயிலுக்குப் போகிறவர். அவர் பக்தியில் எனக்குச் சந்தேகமே இல்லை. சந்தேகமெல்லாம் அவர் வாங்கும் கேஸ் ஓஸில்தான்.

அவர் ஷெட்டில் ஒரு மாலை தகடு வெட்டிக்கொண்டிருந்தபோது டார்ச்சில் பட்டென்று ஒரு சத்தம். தீ பின்வாங்கி ஓஸுக்குள் ஓடிவிட்டது. அதைத் தடுக்கும் ஃப்ளாஷ்பேக் அரெஸ்டர் மாட்டியிருக்கவில்லை. ஏற்கெனவே வெடிப்பு விட்டிருந்த டி.ஏ. ஓஸ், அதாவது அசிட்டிலீன் ஓஸ், கிழிந்து, ஒடிசாவிலிருந்து வந்த பையனுக்கு இடது கையும் கழுத்தும் வெந்துபோயின. கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரியில் பல வாரம் கிடந்தான். அண்ணன் அவனைக் கைவிடவில்லை. சம்பளம் கொடுத்தார், ஊரிலிருந்து அவன் அம்மாவை வரவழைத்தார், அவன் பேருக்கு அர்ச்சனை செய்தார். பிறகு டீக்கடையில் சொன்னார்: "என்ன பண்றது, அவன் தலையெழுத்து."

அந்தப் பேச்சு எனக்கு இறங்கவில்லை.

விதி உண்டா இல்லையா என்ற வழக்குக்கே நான் போகவில்லை. உண்டென்றே வைத்துக்கொள்வோம். அண்ணன் நம்பும் சைவ சித்தாந்தம் வினையை மூன்றாகப் பிரிக்கிறது. பிறவி பிறவியாகச் சேர்ந்து கிடப்பது சஞ்சிதம். அதில் இந்தப் பிறவிக்கென்று அனுபவிக்க வந்தது பிராரத்தம். அனுபவிக்கும்போதே புதிதாகச் சேர்த்துக்கொள்வது ஆகாமியம். பையன் கை வெந்தது அவன் பிராரத்தமாகவே இருக்கட்டும். விலை குறைவென்று அந்த ஓஸை எடுத்ததும், அரெஸ்டர் தண்டச் செலவு என்று விட்டதும் யாருடைய ஆகாமியம்? அவன் பக்கம் கழிந்த அதே கணக்கு இவர் பக்கம் ஏறுகிறதே! வெந்தவன் "என் விதி" என்றால் அது ஆறுதல். பில்லுக்குப் பணம் கொடுத்தவர் "அவன் விதி" என்றால் கணக்கைப் பக்கம் மாற்றி எழுதுகிறார்.

இந்த எண்ணம் வந்த பிறகு கடைக்குப் போனால் கை தானாகவே நிதானிக்கிறது. பாரிமுனை லிங்கிச் செட்டித் தெருவில் ரெகுலேட்டர் கேட்டால், ஒன்றைப்போல மூன்று மடங்கு விலையில் இன்னொன்றை எடுத்து வைப்பார்கள். இரண்டும் ஒரே பித்தளை மினுமினுப்பு, இரண்டிலும் இரண்டிரண்டு கேஜ். வித்தியாசமெல்லாம் உள்ளே, டயாபிரத்திலும் சீட்டிலும். அதனால் தயாரித்தவர் பெயரும் ஐ.எஸ். 6901 என்ற எண்ணும் உடம்பில் பொறித்திருக்கிறதா என்று பார்ப்பேன். பட்டறைக்கு வந்ததும் சிலிண்டரில் மாட்டி, அழுத்தம் வைத்து, டார்ச் வால்வை மூடிவிட்டு, ஒரு டீ குடிக்கிற நேரம் லோ பிரஷர் கேஜையே பார்த்துக்கொண்டு நிற்பேன். முள் மெல்ல ஏறினால் சீட் கசிகிறது; திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான். அசிட்டிலீன் பக்கத்தில் இந்த ஏற்றம் பொல்லாதது. ஏறத்தாழ 1 பாரைத் தாண்டினால் அந்த வாயு காற்றின் துணையில்லாமலே சிதறி வெடிக்கக்கூடியது. சிலிண்டருக்குள் அசிட்டோனில் கரைத்து, நுண்துளைப் பொருளுக்குள் ஊறவைத்திருப்பதால்தான் அடங்கிக் கிடக்கிறது.

ஓஸில் அறுத்த முனையைத்தான் முதலில் பார்ப்பேன். உள் ரப்பர், நூல் பின்னல், மேல் ரப்பர் மூன்றும் ஒட்டி நிற்க வேண்டும். நகத்தால் நெம்பினால் பிரியக்கூடாது. இறுக்கி மடக்கினால் மயிரிழை வெடிப்புகூடத் தெரியக்கூடாது. மேலே தயாரித்த வருடம் அச்சாகியிருக்க வேண்டும். ஆக்சிஜனுக்கு நீலம், டி.ஏ.வுக்குச் சிவப்பு. கட்டுக்கம்பி ஆகாது, கிளாம்ப்தான். கிழிந்த டி.ஏ. ஓஸுக்கு நடுவே ஃப்ரிட்ஜ் கடைச் செம்புக்குழாயைச் செருகி ஒட்டுப் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். செம்போடு அசிட்டிலீன் சேர்ந்தால் தட்டினாலே வெடிக்கும் பொருள் உண்டாகும் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். டி.ஏ. நட்டுக்கு இடது மரை, விளிம்பில் வெட்டுக்குறி. ஆக்சிஜன் பக்கம் மாட்ட முயன்றாலும் ஏறாது. அதை யோசித்தவரை நான் மனதுக்குள் கும்பிடுவதுண்டு. எங்கோ ஒரு வெல்டர் தூக்கக் கலக்கத்தில் மாற்றி மாட்டுவான் என்று அவன் முகம் தெரியாமலே கவலைப்பட்டிருக்கிறார்.

வள்ளுவர் தெரிந்துதெளிதல் என்று 51-ஆவது அதிகாரமே வைத்திருக்கிறார். அமைச்சரைத் தேர்ந்தெடுப்பதற்காகச் சொன்னது. ஆராய்ந்த பிறகு நம்பு, நம்பிய பிறகு சந்தேகப்படாதே என்கிற அந்த முறை ஓஸுக்கும் பொருந்துகிறது. ஆராய்வதை நம்பிக்கைக் குறைவு என்று அவர் எங்கேயும் சொல்லவில்லை.

தன் கணக்கைத் தானே ஏற்றவர்களும் இருக்கிறார்கள். அசிட்டிலீனைப் பத்திரமாகச் சிலிண்டரில் அடைக்க நல்ல நுண்துளைப் பொருளைக் கண்டவர்களில் ஒருவர் ஸ்வீடனின் குஸ்தாவ் டாலேன். 1912-இல் அசிட்டிலீன் சிலிண்டர்களைச் சோதிக்கும்போது வெடித்து இரண்டு கண்ணும் போயின. அதே ஆண்டு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அவருக்காக மூத்த சகோதரர் போய் வாங்கி வந்தார். கண் இல்லாமலே 1937-இல் இறக்கும்வரை கம்பெனியை நடத்தினார். அவர் "என் விதி" என்று சொல்லியிருந்தால் நான் மறுபேச்சுப் பேசமாட்டேன். சோதனையைத் தானே முன்னால் நின்று செய்தவர்.

அவ்வளவு தூரம் போவானேன்? அண்ணன் போகிற கோயில் கதையே அதுதான். தொண்டைமான் என்ற அரசனின் யானைக் காலில் முல்லைக்கொடி சுற்றிக்கொண்டது. வாளை வீசினான், வாளில் இரத்தம். கொடிக்கடியில் லிங்கம் இருந்தது அவனுக்குத் தெரியாது. தெரியாமல் செய்ததற்கே தன் உயிரை விடத் துணிந்தான் என்கிறது தலபுராணம். லிங்கத்தில் வெட்டுப்பட்ட தழும்பை மூடி இன்றும் சந்தனக்காப்பு. சித்திரை சதயத்தில்தான் அதைக் களைவார்கள்.

இதைச் சொன்னபோது அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அவன் ராஜா, உயிரை விடுவான். நான் ஜி.எஸ்.டி. கட்டணும்" என்றார். அதோடு விடவில்லை. "சரி, நீ எல்லாத்தையும் பார்த்துத்தானே வாங்கறே? அப்பவும் வெடிச்சா?"

நியாயமான கேள்வி. டயாபிரத்தை நான் பிரித்துப் பார்க்கப் போவதில்லை, முத்திரையைத்தான் நம்புகிறேன். அந்த மிச்சம் எப்போதும் இருக்கும், அதற்கு விதி என்று பேர் வைக்க எனக்கும் சம்மதம். ஆனால் பார்க்கக்கூடியதைப் பார்த்து முடிக்காதவருக்கு அந்த மிச்சம் எது, தன் அலட்சியம் எது என்று எப்படித் தெரியும்?

போன வாரம் வாசலில் நின்று கூப்பிட்டார். ஆக்சிஜன் பக்கம் ஓஸ், ரெகுலேட்டர் இரண்டும் புதிதாம், அரெஸ்டரும் சேர்த்து. டி.ஏ. பக்கம்?

"அது அடுத்த மாசம்ப்பா. இப்போதைக்கு ஈசன் பார்த்துப்பான்."

செருப்பை மாட்டிக்கொண்டு அவர் ஷெட்டுக்குப் போனேன், அந்தப் பழைய ஓஸைக் கழற்றி எடுத்துவர.