ஊசியும் இல்லமும்



நமதாண்டவரைச் சிலுவையில் அறைந்த சேவகர் அவருடைய வஸ்திரங்களை நான்கு பங்காக்கிக்கொண்டார்கள். அங்கியை மாத்திரம் கிழிக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. அது தையலில்லாமல் மேலிருந்து அடிவரை ஒரே நெசவாயிருந்தது என்று அர்ச். அருளப்பர் தம் சுவிசேஷத்தின் 19-ம் அதிகாரத்தில் எழுதி வைத்திருக்கிறார். அந்த அங்கியைச் செய்தவை தேவதாயின் கைகளே என்பது விசுவாசிகளிடம் வெகு காலமாய் வழங்கி வரும் பாரம்பரியம். சுமார் 1400-ம் ஆண்டில் ஜெர்மனி தேசத்தில் தீட்டப்பட்டு, பெர்ட்ராம் என்னும் ஓவியரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் பீடப்படம் ஒன்று ஹாம்பர்க் நகரத்தில் இருக்கிறது. அதில் மாதா ஊசிகளைக் கையிலேந்தித் தையலில்லாச் சட்டை ஒன்றைப் பின்னிக்கொண்டிருக்கிறாள். அருகே பாலன் சேசு புத்தகத்தோடு இருக்கிறார். சம்மனசுகள் சிலுவையையும் ஈட்டியையும் ஏந்தி நிற்கிறார்கள்.

ஆகையால் கம்பளி பின்னுகிற தாய்மாரே, உங்கள் வேலையை அற்பமென்று எண்ணாதேயுங்கள். பழமொழி ஆகமம் தன் கடைசி அதிகாரத்தில் புகழ்கிற உத்தமப் பெண்ணும் கம்பளியும் நூலும் தேடி உழைத்தவளே. அவள் பாடுபட்டதால் வீட்டார் குளிருக்கு அஞ்சவில்லை. ஏழைக்கும் அவள் கை திறந்திருந்தது.

ஆனால் நல்ல காரியமும் அளவு மிஞ்சினால் சுமையாகிவிடும். ஒரு சட்டை முடியுமுன் இன்னொன்றைத் தொடங்குகிறோம். அக்கம்பக்கத்தார் கேட்டதற்கெல்லாம் தலையாட்டுகிறோம். பெட்டியில் அரைகுறை வேலைகள் சேர்கின்றன. குழந்தை வந்து மடியைப் பிடித்தால், "இந்த வரிசை முடியட்டும்" என்கிறோம். வரிசை முடிகிறது, குழந்தையோ அதற்குள் போய்விட்டது. மனம் பதறினால் கை இறுகும்; கை இறுகினால் கண்ணிகள் இறுகிச் சட்டையும் அளவில் குறுகிப்போகும். இது பின்னுகிறவர்கள் எல்லாரும் அறிந்ததே. வீட்டிலும் அப்படித்தான். தாயின் மனம் இறுகினால் வீடு முழுவதும் குறுகிப்போகும்.

இந்த இக்கட்டை நன்றாய் அறிந்த ஒரு அர்ச்சியசிஷ்டவள் நமக்கு உண்டு. சிறு புஷ்பமாகிய குழந்தை தெரேசம்மாளின் தாயார் செலி மார்ட்டின் என்பவள் அவள். 1831-ம் ஆண்டு பிரான்சு தேசத்தில் பிறந்தாள். கன்னியாஸ்திரியாக வேண்டுமென்பதே அவளுடைய இளமை ஆசை. மடத்தார் ஏற்றுக்கொள்ளவில்லை. அவள் சோர்ந்து உட்காராமல், அலான்சோன் ஊருக்குப் பேர்போன ரேந்தை வேலையைக் கற்று, சொந்தமாகவே தொழில் தொடங்கினாள். அந்த ரேந்தையில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கே ஏழு மணி நேர வேலை பிடிக்கும் என்பார்கள். பெண்கள் தத்தம் வீடுகளில் செய்து கொண்டுவரும் துண்டுகளை, ஒட்டுத் தெரியாமல் இணைப்பது செலியின் வேலை. 1858-ம் ஆண்டு கடிகாரம் செய்யும் லூயிஸ் மார்ட்டினை மெய்விவாகம் செய்துகொண்டாள். ஒன்பது குழந்தைகள் பிறந்தார்கள். நால்வரைச் சிறு வயதிலேயே அடக்கம் செய்தாள். ஆர்டர்கள் குவிந்தால் அடிமைபோல் உழைக்க வேண்டியிருந்தது. குறைந்தால் கூலிப் பெண்களைப்பற்றிய கவலை. இவ்வளவுக்கும் நடுவில், அதிகாலைப் பூசையைக் காண்பதை அவளும் கணவரும் விட்டதில்லை.

அப்படிப்பட்ட வீட்டிலும் ஒரு குறை கண்ணுக்குத் தப்பியது. மூன்றாம் மகள் லெயோனி முரட்டுப் பிள்ளை என்று பேரெடுத்திருந்தாள். வேலைக்காரி அவளைப் பயமுறுத்தி அடக்கி வைத்திருந்தது தாய்க்கு நெடுநாள் தெரியவில்லை. 1877-ம் ஆண்டில்தான் வெளிப்பட்டது. அப்போது தாயின் மார்பில் புற்றுநோய் முற்றிவிட்டிருந்தது. இனி இவளுக்கு நானே வேண்டும் என்று கண்டு, செலி மகளைத் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள். எஞ்சியிருந்த மாதங்கள் சில. அவற்றில் அந்தப் பிள்ளையின் மனம் தாயிடம் திரும்பியது. அவ்வாண்டு ஆகஸ்டு 28-ம் தேதி செலி 45 வயதில் மரித்தாள். லெயோனி பிற்காலத்தில் கன்னியாஸ்திரியாகி, நல்ல மரணமடைந்தாள். பிரியமானவர்களே, இதைக் கவனியுங்கள்: எத்தனையோ அழகான ரேந்தைகள் அவள் கையால் முடிந்தன, ஆனால் கடைசியாக அவள் இணைத்த துண்டு ஒரு பிள்ளையின் இருதயம்.

புருஷர்களே, உங்களுக்கும் இதில் பாடமுண்டு. மனைவியின் தொழில் பெருகினபோது லூயிஸ் முணுமுணுக்கவில்லை. 1870-ம் ஆண்டு தம் கடிகாரக் கடையை விற்றுவிட்டு, அவளுடைய தொழிலுக்குத் துணை நின்றார். "வீட்டில் சும்மாதானே இருக்கிறாய்" என்று பெண்ணின் கைவேலையை ஏளனம் செய்கிறவன், அவள் பின்னிய சட்டையைப் போட்டுக்கொண்டே அதைச் சொல்வது நியாயமா? பெண் தனக்கென்று ஒரு நோக்கம் வைத்திருப்பதும் பாவமன்று. பாதியில் விட்ட படிப்பை முடிக்க ஒருத்தி விரும்பலாம். ஒரு கலையில் தேர ஒருத்தி ஆசைப்படலாம். சர்வேசுரன் தந்த தாலந்தைப் புதைத்து வைக்கச் சொன்னவர் யார்? தினம் ஒரு மணி நேரமாவது அடுப்படியைக் கணவனும் வளர்ந்த பிள்ளைகளும் பார்த்துக்கொண்டால், அந்தத் தாலந்து வெளிச்சத்தைக் காணும். 2015-ம் ஆண்டு அக்டோபர் 18-ம் தேதி பரிசுத்த பாப்பு பிரான்சிஸ் இவ்விருவருக்கும் ஒன்றாகவே அர்ச்சியசிஷ்ட பட்டம் கொடுத்தார். தம்பதிகள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து மோட்சம் சேரலாம் என்பதற்கு இது அத்தாட்சி.

இனி நாம் செய்ய வேண்டியதென்ன? முதலாவது, கோபுரம் கட்டுகிறவன் செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்றாரே ஆண்டவர், அதுபோல் முதல் கண்ணியைப் போடுமுன் நூலை மட்டுமல்ல, நாட்களையும் எண்ணுங்கள். கையிலிருப்பது முடியாமல் புதிதைத் தொடாதேயுங்கள். முடியாதென்றால் முடியாதென்று அன்போடு சொல்லுங்கள். இரண்டாவது, குடும்ப செபமாலை வேளையிலும் எல்லாரும் கூடிச் சாப்பிடும் வேளையிலும் ஊசி பெட்டிக்குள் இருக்கட்டும். மார்த்தாளை ஆண்டவர் கடிந்தது அவள் உழைத்ததற்காகவல்ல. பல காரியங்களில் மனம் சிதறிக் கலங்கினதற்காகவே. மூன்றாவது, பின்னல் எதுவானாலும் அவிழ்க்கலாம் என்பதை மறவாதேயுங்கள். கண்ணி நழுவினால் குரோஷா ஊசியால் எடுத்து மேலேற்றலாம். முழுவதும் பிசகினாலும் நூலை உருவி மறுபடி பின்னலாம். பிள்ளையின் ஐந்தாம் வயதையோ அப்படி உருவி எடுத்து மறுபடி தொடங்க முடியாது.

யோப்பே பட்டணத்தில் தபித்தாள் மரித்தபோது, கைம்பெண்கள் அர்ச். இராயப்பரைச் சூழ்ந்து நின்று, அவள் செய்து கொடுத்த அங்கிகளையும் ஆடைகளையும் அழுதுகொண்டே காட்டினார்கள் என்று அப்போஸ்தலர் நடபடி கூறுகிறது. அவளுக்காகப் பேசினவை அந்த ஆடைகள். நமக்கும் ஒரு நாள் அப்படி வரும். அன்று நம் பெட்டியைத் திறந்து பார்ப்பவர்கள் அரைகுறைத் துண்டுகளைக் காண்பார்களோ, அல்லது நாம் போர்த்திய பிள்ளைகளும் ஏழைகளும் எழுந்து நின்று சாட்சி சொல்வார்களோ?

இந்த வாரம் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மாலை வேளை ஊசியை ஓரமாய் வைத்து, உங்களிடம் பேசக் காத்திருக்கும் ஒருவருக்குக் காது கொடுங்கள். மறுநாள் அதே ஊசியை எடுக்கும்போது சிலுவை அடையாளம் வரைந்து வேலையைத் தொடங்குங்கள். தையலில்லா அங்கியைத் தரித்த நம் ஆண்டவர் நம் நாட்களையும் கிழிசலின்றி ஒன்றாய் இணைத்தருள்வாராக. ஆமென்.