பேச்சின் ஒலியும் மனிதனின் மதிப்பும்

ஹவுரா நகரின் சாந்த்ராகாச்சிப் பகுதியில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தாரின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். ரயில்வே பணியின் பொருட்டுப் பல ஆண்டுகளுக்கு முன் அங்குக் குடியேறியவர்கள். பெரியவர் ஓய்வு பெற்றுவிட்டார். ஆறு வயதுப் பேத்தியைப் பள்ளியில் விட்டு, மாலையில் அழைத்து வருவது அவரது அன்றாடக் கடமை; அதுவே அவரது ஆனந்தமும்கூட.

ஒரு நாள் காலையில் குழந்தை அவரிடம் கூறினாள்: “தாத்தா, நீங்க வாங்க. ஆனா கேட்டு பக்கத்துல பெங்காலி பேசாதீங்க. நீங்க பேசினா எல்லாரும் சிரிக்கிறாங்க.”

பெரியவர் புன்னகை செய்தார். அன்று மாலை முதல் அவர் பள்ளி வாசலில் நிற்பதில்லை. சற்றுத் தள்ளி ஒரு மரத்தடியில் நிற்கிறார். இதை அவருடைய மருமகள் வருத்தத்துடன் என்னிடம் கூறினார்.

அந்தக் குழந்தை செய்தது பிழையா? தாத்தாவின் மடியில் வளர்ந்தவள் அவள். அவருடைய அன்பை அவள் அறிவாள். எனினும் வங்காள மொழியின் ‘ப⁴’, ‘க⁴’ போன்ற ஒலிகள் அவரது தமிழ் நாவில் மென்மையாகத் தேய்ந்து வருவது அவளுக்கு வெட்கத்தைத் தந்துவிட்டது. இந்த வெட்கம் எங்கிருந்து வந்தது?

குழந்தையின் இயல்பு

ஒலியின் மீது மனிதனுக்குள்ள பற்று தொட்டிலிலேயே தொடங்குகிறது. பிறந்த சில நாள் சிசுவும் பிற குரல்களைவிடத் தாயின் குரலையே நாடுகிறது என்று 1980-ஆம் ஆண்டிலேயே ஆய்வாளர்கள் கண்டனர். காதரின் கின்ஸ்லர் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் வியப்பானது. பாஸ்டன், பாரிஸ் ஆகிய இரு நகரங்களிலும் பத்து மாதக் குழந்தைகளிடம் இருவர் ஒரே விதமான பொம்மையை நீட்டினர். தன் வீட்டு மொழியைப் பேசியவரிடமிருந்தே குழந்தைகள் பெரும்பாலும் பொம்மையைப் பெற்றுக்கொண்டன. ஐந்து வயதுச் சிறுவர்களோ, அதே மொழியை அயலார் சாயலில் பேசும் பிள்ளையைவிடத் தம்மைப் போலவே பேசும் பிள்ளையையே நண்பனாகத் தேர்ந்தனர். தோலின் நிறத்தைவிடவும் பேச்சின் சாயலே அவர்களுக்குப் பெரிதாகப் பட்டது என்று 2009-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு காட்டியது.

இதில் குற்றம் ஏதுமில்லை. பழகிய குரலில் பாதுகாப்பைத் தேடுவது உயிரின் இயல்பு. தாயை அடையாளம் காணும் அதே செவிதான் அயலானையும் அடையாளம் காண்கிறது.

ஆனால் ‘இவர் என்னைப் போல் பேசவில்லை’ என்பது வேறு. ‘ஆகவே இவர் தாழ்ந்தவர்’ என்பது வேறு. முன்னது செவி கூறுவது. பின்னது பிறர் கற்பிப்பது. 2013-இல் வெளியான ஆய்வொன்று இதைத் தெளிவாக்குகிறது. அமெரிக்காவின் வட மாநிலப் பேச்சு அறிவாளியின் பேச்சு என்றும், தென் மாநிலப் பேச்சு நல்லவரின் பேச்சு என்றும் அங்கு ஒரு கருத்து நிலவுகிறது. ஐந்தாறு வயதுக் குழந்தைகளிடம் இக்கருத்து காணப்படவில்லை. ஒன்பது, பத்து வயதினரிடமோ அது வேரூன்றியிருந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அதை அவர்களுக்கு ஊட்டியது யார்? பெரியவர்களாகிய நாமும், நமது கேலிப் பேச்சும், நாம் ரசிக்கும் நகைச்சுவைக் காட்சிகளும் அல்லவா?

விளையாட்டும் வினையும்

கேலி சிறியதுதானே என்று எண்ணலாம். வங்காளத்தில் ஸ்ரீ சைதன்யர் நிமாயி பண்டிதராக இருந்த இளமையில், ஸ்ரீஹட்டத்திலிருந்து நவத்வீபத்திற்கு வந்தவர்களின் பேச்சைப் பேசிக் காட்டிப் பரிகசித்ததை ‘சைதன்ய பாகவதம்’ மறைக்காமல் கூறுகிறது. அவர்களோ, ‘உன் பெற்றோரும் எங்கள் ஊரார்தாமே!’ என்று திருப்பிக் கேட்டனராம். நாம் நகைக்கும் பேச்சு பெரும்பாலும் நம் முன்னோரின் பேச்சே என்ற உண்மை இதில் உள்ளது.

அது விளையாட்டு. ஆனால் உள்ளத்தில் வெறுப்பு குடியேறிவிட்டால் ஒலியே உயிரைக் குடிக்கும் வாளாகிறது. 1983-இல் இலங்கையில் நடந்த இனக் கலவரத்தின்போது, வாளியைக் குறிக்கும் சிங்களச் சொல்லை உச்சரிக்கச் சொல்லித் தமிழரை இனங்கண்டு தாக்கினார்கள். ஓர் எழுத்தின் ஒலியில் மனித உயிர் ஊசலாடியது. விதை சிறிதாக இருக்கிறது என்பதற்காக நச்சு விதையைத் தோட்டத்தில் விட்டுவைப்பதில்லை.

அன்பின் செவி

ஹவுராவின் எதிர்க்கரையில் உள்ள தட்சிணேசுவரத்தில் நிகழ்ந்த ஒன்றை நினைவுகூர்வோம். பீகாரின் சாப்ரா பகுதியிலிருந்து பிழைப்புக்காகக் கல்கத்தாவிற்கு வந்து, ஒரு வீட்டில் வேலை செய்த லாட்டு என்ற இளைஞருக்கு ஸ்ரீராமகிருஷ்ணர் வங்காள எழுத்துக்களைக் கற்பிக்க முயன்றார். முதல் மெய்யெழுத்தையே லாட்டு தம் ஊர் வழக்கப்படி ‘கா’ என்று நீட்டினார். எத்தனை முறை திருத்தியும் அப்படியே வந்தது. குருதேவர் சிரித்தார், பாடத்தை நிறுத்திவிட்டார். ஆனால் சீடரை நிறுத்தவில்லை. எழுத்தறியாத அந்த லாட்டுவே பின்னர் சுவாமி அத்புதானந்தர் ஆனார். கற்றவர்களும் அவரது சொற்களைக் கேட்க வந்து அமர்ந்தனர். ஸ்ரீராமகிருஷ்ணரின் பேச்சும் கிராமத்துப் பேச்சே. அதில் சிறிது திக்கலும் இருந்தது. அதைக் கேட்கத்தான் நகரத்துப் படித்தவர்கள் படகேறி வந்தார்கள்.

சிரிப்பே கூடாது என்பதல்ல இதன் பொருள். அச்சிரிப்பு மனிதனை அருகே இழுக்கிறதா, விலக்குகிறதா என்பதே கேள்வி.

ஆகவே குழந்தையைக் கடிந்துகொள்வதால் பயனில்லை. அதன் செவியை விரிவாக்க வேண்டும். பலவிதமாகப் பேசுவோர் வீட்டிற்கு வந்து உண்ணவும் உரையாடவும் குழந்தை காண வேண்டும். காய்கறி விற்பவரின் பேச்சை அவர் சென்றபின் நாம் பேசிக்காட்டாமல் இருக்க வேண்டும். ‘அவர் தப்பாகப் பேசுகிறார்’ என்று குழந்தை சொன்னால், ‘அவருக்கு நம்மைவிட ஒரு மொழி கூடுதலாகத் தெரியும்’ என்று சொல்லித் தரவேண்டும்.

நான் விடைபெறும்போது மருமகள் குழந்தையை அருகில் அழைத்து, “தாத்தா இந்த ஊருக்கு வந்தப்ப ஒரு வார்த்தைகூட பெங்காலி தெரியாது. யாரும் சொல்லித் தரல. தானாவே கத்துக்கிட்டார். உன்னால அப்படி முடியுமா?” என்று கேட்டார். குழந்தை பதில் கூறவில்லை. சிறிது நேரம் தாத்தாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பார்வையில்தான் கல்வி தொடங்குகிறது. மரத்தடியில் நிற்கும் அந்த முதியவரை மீண்டும் வாசலுக்கு அழைத்து வரும் பொறுப்பு குழந்தையுடையது அன்று, நம்முடையது.