தெரியாமல் செய்தேன் என்றால் போதுமா?



"எனக்குத் தெரியாது, ஆகவே என்மீது குற்றமில்லை" என்று நாம் அடிக்கடி சொல்லுகிறோம். இது எந்த மட்டும் உண்மை? ஓர் உதாரணத்தைக் கொண்டு ஆராய்வோம்.

ஒரு வீட்டில் தாத்தாவுக்கு இதயத் துடிப்பைச் சீர்ப்படுத்தும் பேஸ்மேக்கர் கருவி பொருத்தியிருக்கிறார்கள். பெரும்பாலும் அது இடப்பக்கத்துக் காறை எலும்பின் கீழே, தோலுக்கு அடியில் இருக்கும். சட்டைப் பையும் அதே பக்கந்தான். தாத்தா தம் செல்போனை அந்தப் பையிலேயே வைக்கிறார். சின்னப் பேரனோ செல்போனும் கையுமாக அவர் மார்பில் சாய்ந்து தூங்குகிறான்.

இதில் என்ன கெடுதி? செல்போனுக்குள் காந்தங்கள் உண்டு. 2020-ம் ஆண்டு முதல் வந்த சில போன்களில் அவை வலுவானவை. காந்தம் மிக அருகே வந்தால், பேஸ்மேக்கர் இதயத்தின் போக்கைக் கவனியாமல் ஒரே வேகத்தில் துடிப்பூட்டத் தொடங்கலாம். மின்னதிர்ச்சி கொடுத்து உயிர்காக்கும் டிஃபிபிரிலேட்டர் கருவியோ, வேண்டிய வேளையில் அதிர்ச்சி கொடாமல் நின்றுவிடக்கூடும். காந்தத்தை விலக்கினால் கருவி பழைய நிலைக்குத் திரும்பும். ஆனால் ஆபத்து அந்தச் சில நிமிஷங்களில் வந்துவிட்டால்? ஆகவேதான் போனுக்கும் கருவிக்கும் நடுவே குறைந்தது 6 அங்குலம், அதாவது 15 சென்டிமீட்டர், இடைவெளி வேண்டுமென்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2021-ல் அறிவுறுத்தியது. பேசும்போது கருவி இல்லாத பக்கத்துக் காதில் வைப்பது நலம்.

சரி, குற்றம் யாருடையது? பேரன் சிறுவன், அறிய அவனுக்கு வழியில்லை. வழியில்லாத அறியாமை குற்றமாகாது. தாத்தாவுக்கோ கண் மங்கல். தாளை வாசிக்க முடியாது. ஆனால் மகன்? ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளை வாசியாமலே பீரோவில் வைத்துப் பூட்டினான். அறியக்கூடியதை, அறிய வேண்டியதை, சோம்பலினால் அறியாமல் விட்டவன் "தெரியாது" என்று சொல்லித் தப்ப முடியாது. அந்த அறியாமையே அவன் குற்றம்.

"அப்படியானால் வீட்டில் போனே வேண்டாமே!" என்பீர்கள். அதுவும் விவேகமன்று. தாத்தாவுக்கு மூச்சுத் திணறினால் ஆம்புலன்சை அழைப்பதும் அதே போன்தான். பயப்படுகிறவன் பொருளையே ஒதுக்குகிறான். விவேகமுள்ளவன் ஆறு அங்குலம் தள்ளி வைக்கிறான்.

ஆகவே, இத்தகைய கருவி உங்கள் வீட்டில் யாருக்கேனும் இருந்தால், இன்றிரவே அந்தத் தாளை எடுத்து எல்லோரும் கேட்க வாசியுங்கள். விளங்காததை வைத்தியரிடம் கேளுங்கள். பத்து நிமிஷ வேலைதான். நேசிக்கிறவருடைய உடல்நிலையை அறிந்துகொள்வதும் அவருக்கு நாம் செலுத்தவேண்டிய கடனே.