“ஏன், ஆண்டவரே?”



செத்தவீட்டுக்குப் போகும்போது ஏதாவது ஆறுதல் சொல்லவேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது. சொல் எளிதில் அகப்படுவதில்லை. ஆகவே எல்லோரும் சொல்வதையே நாமும் சொல்லிவிடுகிறோம்: “எல்லாம் ஆண்டவருடைய சித்தம், மனதைத் தேற்றிக்கொள்ளுங்கோ.” இறந்தது குழந்தையானால், ஆண்டவர் தம் தோட்டத்துக்கு ஒரு பூவைப் பறித்துக்கொண்டார் என்கிறோம். அந்தத் தாய் மறுத்துப் பேசுவதில்லை. ஆனால், தன் மடியிலிருந்து பூப்பறித்த தோட்டக்காரனை அவள் எவ்வாறு நேசிப்பாள் என்று நாம் சிந்தித்ததுண்டா?

2004 மார்கழி 26ஆம் திகதியை நம்மவர் மறக்கமாட்டார்கள். கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் நிலம் அதிர்ந்தது. ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்தில் அலை நமது கிழக்குக் கரையை அடைந்தது. இத்தீவில் மட்டும் 30,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். முல்லைத்தீவிலும் மருதங்கேணியிலும் மட்டக்களப்பிலும் பிள்ளைகளின் உடல்களைத் தேடியலைந்த பெற்றோர் கேட்ட கேள்வி ஒன்றே: “ஏன்?” அது பாவத்துக்கு வந்த தண்டனை என்று அப்போது சிலர் துணிந்து விளக்கம் கூறினர்.

அந்த விளக்கத்தைக் கிறிஸ்துநாதரே நிராகரித்துவிட்டார். சீலோவாமில் கோபுரம் இடிந்து விழுந்து பதினெட்டுப் பேர் மாண்டபோது, அவர்கள் எருசலேமின் மற்றக் குடிகளைவிடப் பெரிய பாவிகளல்லர் என்று லூக்கா நற்செய்தியில் தெளிவாகக் கூறுகிறார். பிறவிக் குருடனைக் கண்டு, இது யார் செய்த பாவம் என்று சீடர் கேட்டபோதும், அவன் மீதோ பெற்றோர் மீதோ பழி சுமத்த அவர் இடந்தரவில்லை. அவர் செய்ய மறுத்ததை நாம் செய்யலாமா?

அப்படியானால், தேவ சித்தம் என்பது என்ன? இறைவன் விரும்புவது வேறு, அனுமதிப்பது வேறு என்று திருச்சபை கற்பிக்கிறது. தீமையிலிருந்தும் நன்மையை விளைவிக்க வல்லவராக இல்லாவிடில், இறைவன் எந்தத் தீமையையும் அனுமதித்திருக்கமாட்டார் என்பது புனித அகுஸ்தீனாரின் கருத்து. 13ஆம் நூற்றாண்டில் புனித தோமஸ் அக்குவினாரும் இதையே எடுத்தாண்டார். இதில் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. நன்மை விளைவதால் தீமை நன்மையாகிவிடாது. யூதாசின் துரோகம் துரோகமே. பிலாத்துவின் தீர்ப்பு அநீதியே. அதிலிருந்து இறைவன் நம் மீட்பை விளைவித்தார்.

2019 சித்திரை 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியவிலும் மட்டக்களப்பிலும் ஆலயங்களிலேயே நம் மக்கள் கொல்லப்பட்டனர். முன்னரே கிடைத்த எச்சரிக்கைகள் மீது தக்க நடவடிக்கை எடுக்கப்படவில்லை என நாட்டின் உயர் நீதிமன்றமே 2023 தை மாதத்தில் தீர்ப்பளித்தது. மனிதர் திட்டமிட்டுச் செய்ததையும், மனிதர் தடுக்கத் தவறியதையும் தேவ சித்தம் என்று மூடிவிடுவது பக்தியன்று. நீதி கேட்பது விசுவாசக் குறைவுமன்று.

இனி, யோபுவின் ஆகமத்தைத் திறந்து பாருங்கள். பிள்ளைகளையும் உடைமைகளையும் உடல்நலத்தையும் இழந்த யோபுவைத் தேடி மூன்று நண்பர்கள் வந்தார்கள். ஏழு நாள், இரவும் பகலும், ஒன்றும் பேசாமல் அவனோடு தரையில் அமர்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த நல்ல காரியம் அதுவே. வாய் திறந்ததும், இறைவனுக்காக வழக்காடத் தொடங்கினார்கள்: நீ பாவம் செய்திருப்பாய், இறைவன் காரணமின்றித் தண்டிப்பாரா? யோபுவோ அதை ஏற்கவில்லை. அவன் முறையிட்டான், தர்க்கித்தான், இறைவனையே வழக்குக்கு அழைத்தான்.

முடிவு என்ன? இறைவன் யோபுவுக்குக் காரணம் சொல்லவில்லை. பூமிக்கு அடித்தளமிட்ட வேளையில் நீ எங்கே இருந்தாய் என்று அவனையே கேட்கிறார். மனித அறிவின் எல்லையை அவன் உணர்கிறான். ஆனால், இறைவனின் கோபம் விழுந்தது யார் மீது? கேள்வி கேட்ட யோபுவின் மீதன்று. இறைவனுக்காகப் பரிந்து பேசிய நண்பர்கள் மீதே! யோபுவைப்போல் தம்மைக் குறித்துச் சரியானதை அவர்கள் பேசவில்லை என்று கண்டித்து, அவர்களுக்காக யோபுவே செபிக்கவேண்டும் என்றார். கேள்வி கேட்டவன் குருவைப்போல் பரிந்து செபிக்கிறான். பதில் தெரிந்தவர்கள் மன்னிப்புக்குக் காத்து நிற்கிறார்கள்.

இதற்கும் மேலாக, சிலுவையில் தொங்கிய நமதாண்டவரே, ஏன் என்னைக் கைவிட்டீர் என்று தந்தையைக் கேட்டார். அக்கேள்விக்கு வானத்திலிருந்து குரல் எதுவும் வரவில்லை. மூன்றாம் நாள்தான் விடை வந்தது. வெள்ளி மாலையில் கல்லறை வாயிலில் நின்ற பெண்களில் எவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. நாமும் பெரும்பாலும் அந்த வெள்ளி மாலையில்தான் நிற்கிறோம்.

ஆகவே, அன்பர்களே, இறைவனில் நம்பிக்கை வைப்பது என்றால் காரணம் அறிந்திருப்பதென்று எண்ணவேண்டாம். காரணம் தெரியாதபோதும் அவரிடமே சென்று கேட்பதுதான் நம்பிக்கை. அவருக்கு முதுகு காட்டிப் போகிறவனே அதை இழக்கிறான். “ஏன்?” என்று அழுதுகொண்டே திருப்பலிக்கு வந்து கடைசி வாங்கில் அமர்ந்திருக்கும் தாய், நம்மில் பலரைவிட ஆழமான விசுவாசி.

அத்தாயைக் காண அடுத்த தடவை செல்லும்போது விளக்கம் எதுவும் கொண்டு போகாதீர்கள். அருகில் அமருங்கள், தேநீர் ஊற்றிக் கொடுங்கள், அவள் கேட்பதைக் கேட்க விடுங்கள். முப்பத்தோராம் நாள் முடிந்து உறவினர் கலைந்த பின்னரும் போய்ப் பாருங்கள். இலாசருவின் கல்லறையருகே ஆண்டவரும் முதலில் அழுதார். அதன் பின்னரே கல்லை அகற்றச் சொன்னார்.

ஆண்டவரே, உமது நோக்கம் எமக்கு விளங்காத நாள்களில், உம்மையே கேட்கும் துணிவையும், உம்மைவிட்டு அகலாத உறுதியையும் எமக்குத் தாரும். ஆமென்.