ஒருத்திக்கான அறுபது

ஜப்பானியத் திரைப்பட இயக்குநர் யசுஜிரோ ஓசு 1903 டிசம்பர் 12 அன்று பிறந்தார். 1963 டிசம்பர் 12 அன்று, தம் அறுபதாவது பிறந்தநாளிலேயே, புற்றுநோயால் இறந்தார். மணம் செய்துகொள்ளாதவர், கமாகுராவில் தாயுடன் வாழ்ந்தவர். தாய் அதற்கு முந்தைய ஆண்டுதான் காலமாகியிருந்தார். டோக்கியோவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்தில் எட்டிவிடக்கூடிய கடலோர ஊர் அது. அதன் வடபகுதியில் உள்ள எங்காகு-ஜி மடத்து இடுகாட்டில் அவர் கல்லறை இருக்கிறது. கல்லின் முகப்பில் பெயர் கிடையாது. 'இன்மை' என்று பொருள்படும் ஒற்றை எழுத்து மட்டும் செதுக்கப்பட்டிருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் மதுப் புட்டிகளை வைத்துவிட்டுப் போகிறார்கள். அவருக்குக் குடியில் இருந்த பிரியம் ஊரறிந்தது.

என் அறுபதாவது பிறந்தநாளைக் கழிக்க அந்த ஊரைத் தேர்ந்ததற்கு ஓசு ஒரு காரணம். நம் ஊர் வழக்கம் இன்னொரு காரணம்.

நம்மிடையே அறுபது நிறைவது ஆணுக்குத்தான். கணவருக்கு அறுபது முடியும் நாளில் மனைவி அருகே அமர்கிறாள். திருக்கடையூருக்குப் போகிறார்கள், கலச நீரை ஊற்றுகிறார்கள், மீண்டும் ஒரு தாலி ஏறுகிறது, பேரப்பிள்ளைகள் அட்சதை தூவுகிறார்கள். அந்தச் சடங்கை நான் குறைசொல்ல மாட்டேன். நாற்பதாண்டுக் காலம் ஒருவரையொருவர் பொறுத்துக்கொண்டவர்களுக்கு அந்த மாலை தகும். ஆனால் அந்த மனைவிக்கு அறுபது நிறையும் நாளை யாரும் குறித்துவைப்பதில்லை. கணவரை இழந்தவளுக்கோ, மணமாகாதவளுக்கோ சடங்கே கிடையாது. என் கணவர் ஐம்பத்தெட்டில் போய்விட்டார். எனக்கு அறுபது வந்தபோது உறவுக்காரர்கள் அதைப் பற்றிப் பேசாமல் இருந்ததே அவர்கள் காட்டிய மரியாதை.

ஆண்டுகளை அறுபதாகச் சுற்றி எண்ணும் வழக்கம் ஜப்பானியருக்கும் உண்டு. நான் பிறந்த குரோதி ஆண்டு 2024 சித்திரையில் திரும்பி வந்தது. அவர்கள் கணக்கில் அதே 1964-ம் 2024-ம் டிராகன் ஆண்டுகள். அறுபதை எட்டியவருக்கு அங்கே சிவப்பில் கையில்லாத மேலங்கியும் தொப்பியும் அணிவிக்கிறார்கள். கைக்குழந்தைக்குச் சிவப்பு உடுத்திய பழக்கத்தின் தொடர்ச்சி அது. சுற்று முடிந்து மறுபடி குழந்தையாகிவிட்டார் என்று கருதுகிறார்கள். ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. பக்கத்தில் துணை இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. ஒரு மனித உயிர் அறுபது ஆண்டு நின்றிருக்கிறது என்பதே அவர்களுக்குப் போதுமான காரணம்.

"பொறந்தநாளும் அதுவுமா தனியாப் போயி என்னம்மா பண்ணப் போற?" என்று மகள் கேட்டாள். நியாயமான கேள்வி. பிறந்தநாளில் தனியே கிளம்புகிறவர்களில் பாதிப் பேர் கோபித்துக்கொண்டு போகிறவர்கள் என்பது என் கணிப்பு. தேடட்டும் என்று போகிறார்கள்; போன இடத்தில் கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு யார் கூப்பிடுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். இன்னும் சிலர் தனிமையைப் படமெடுத்து மணிக்கொரு தரம் ஊருக்குக் காட்டுகிறார்கள். இரண்டு வகையாருமே வீட்டை விட்டுக் கிளம்பவில்லை என்றுதான் சொல்வேன். தனியே போவதற்குத் தகுந்த காரணம் ஒன்றுதான்: பிறந்ததிலிருந்து யார் யாருக்குக் கடன்பட்டிருக்கிறோம் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். வாழ்த்துச் சத்தத்தில் அந்தக் கணக்கு நடக்காது. வாழ்த்துகிறவர்கள் நமக்குத் தருகிறார்கள். அன்று முழுக்க நாம் வாங்குகிற இடத்திலேயே இருந்துவிடுகிறோம்.

இதில் கடிகாரமும் கைகொடுத்தது. ஜப்பான் நமக்கு மூன்றரை மணி நேரம் முந்தியது. அங்கே பொழுது விடியும்போது இங்கே எல்லோரும் ஆழ்ந்த தூக்கத்தில் இருப்பார்கள். முதல் வாழ்த்து வரும் முன் நீண்டதொரு காலைப்பொழுது கிடைத்தது. அதில் நான் ஹசே-தெரா கோயிலுக்கு நடந்தேன்.

அங்கே படிக்கட்டின் ஓரமாகச் சின்னஞ்சிறு ஜிசோ சிலைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. குழந்தைகளைக் காக்கும் போதிசத்துவர் ஜிசோ. கருவில் கலைந்தவர்கள், இறந்தே பிறந்தவர்கள், கலைக்கப்பட்டவர்கள் ஆகியோருக்காகப் பெற்றோர் நிறுத்திய சிலைகள் அவை. பிறந்தநாள் இல்லாதவர்களுக்கான இடம். நம் பாட்டிமார் எட்டுப் பெற்று நாலைத் தங்க வைத்தவர்கள். தங்காதவர்களுக்கு நாம் ஒரு கல்கூட நடவில்லை. என் அம்மா எனக்கு முன் இரண்டு பேரை இழந்தவர். அவர்கள் இருந்திருந்தால் மூன்றாவதாக என்னைப் பெற்றிருப்பாரா என்பதை நான் அதுவரை யோசித்ததே இல்லை. உயிரோடிருப்பதை உரிமை என்று நினைப்பவர்களுக்குப் பிறந்தநாள் வெறும் கொண்டாட்டம். அது பலருக்குக் கிட்டாமல் போனது என்று தெரிந்தவர்களுக்கு அதில் கொஞ்சம் தலைகுனிவும் உண்டு. அந்தக் கோயிலின் மேல்தளத்திலிருந்து பார்த்தால் யுயிகஹாமா கடற்கரையும் அதற்கப்பால் சகாமி வளைகுடாவும் தெரிகின்றன.

கடல் எனக்கு அழகுப் பொருள் அல்ல. நான் ராமநாதபுரத்தில், 1964 டிசம்பரில், தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோன வாரத்தில் பிறந்தவள். டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டி வீசிய அந்தப் புயலில் பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு கடலுக்குள் போனது. அதன்பின் தனுஷ்கோடி குடியிருக்கத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. எங்கள் வீட்டில் என் பிறந்தநாளன்று பாயசம் உண்டு. ஆனால் யாராவது ஒருவர் அந்த ரயிலைப் பற்றிப் பேசாமல் அந்த நாள் முடிந்ததில்லை. சிறுமியாக இருந்தபோது அது எனக்குப் பிடிக்காது. என் நாளில் செத்தவர்கள் எதற்கு என்று அழுதிருக்கிறேன்.

கமாகுராவுக்கும் கடலைத் தெரியும். அங்குள்ள வெண்கல அமிதாப புத்தர் பதிமூன்றாம் நூற்றாண்டில் வார்க்கப்பட்டவர். உட்கார்ந்த நிலையிலேயே பதினோரு மீட்டருக்கு மேல் உயரம். முதலில் அவரைச் சுற்றி மண்டபம் இருந்தது. பதினான்காம் நூற்றாண்டுப் புயல்கள் அதைச் சாய்த்தன. பதினைந்தாம் நூற்றாண்டின் கடைசியில் வந்த ஆழிப்பேரலை மிச்சத்தையும் வாரிக்கொண்டு போனது என்கிறார்கள். அதன்பின் யாரும் கூரை போடவில்லை. ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக வெயிலிலும் மழையிலும் அமர்ந்திருக்கிறார். 1923 பெருநிலநடுக்கத்தில் அவருடைய பீடம் சிதைந்தது, சரிசெய்துகொண்டார்கள். இன்றும் ஊரின் தெருக்கம்பங்களில் இந்த இடம் கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரம் என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். ஆபத்தைத் தினமும் வாசித்துக்கொண்டே பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் அமைதியாகத்தான் இருக்கிறார்கள். மரணத்தைப் பற்றி வீட்டில் பேசக்கூடாது என்பவர்கள் கவனிக்க வேண்டியது இது.

ஓசுவின் கல்லறை இருக்கும் எங்காகு-ஜி மடம் 1282-ல் எழுந்தது. மங்கோலியப் படையெடுப்பை முறியடித்த ஹோஜோ தொகிமுனே, அந்தப் போரில் மாண்டவர்களுக்காக அதை நிறுவினார். தன் பக்கத்தவருக்கு மட்டுமல்ல, படையெடுத்து வந்து மாண்டவர்களுக்கும் சேர்த்து. அறுபதில் ஒரு மனிதர் போட வேண்டிய கணக்கிலும் இந்த இரண்டாவது பத்தி இருக்க வேண்டும். நமக்கு நல்லது செய்தவர்கள் பெயரை எளிதாக எழுதிவிடலாம். நம்மால் காயப்பட்டவர்கள், நாம் பேசாமல் விட்ட உறவுகள் என்று எழுத ஆரம்பித்தால் கை நிற்கிறது. நான் மடத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து எழுதினேன். எழுதியதை இங்கே சொல்லப்போவதில்லை.

ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி' 1953-ல் வந்தது. பிள்ளைகளைப் பார்க்க வரும் கிழத் தம்பதியை, வீட்டில் வைத்துக்கொள்ளச் சிரமமாகி, அதாமி என்ற கடலோர ஊர் விடுதிக்கு அனுப்பிவைக்கிறார்கள் பிள்ளைகள். இரவெல்லாம் விடுதியில் ஒரே கூச்சல். தூங்காத முகத்தோடு இருவரும் கடற்சுவரில் உட்கார்ந்து, ஊருக்கே திரும்பிவிடலாம் என்று முடிவெடுக்கிறார்கள். வயதானவரை ஒதுக்குவதற்காகக் கடற்கரைக்கு அனுப்புவது ஒன்று. அவரே விரும்பிப் போவது வேறு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். அந்தப் படத்தில் மருமகளாக நடித்த செட்சுகோ ஹாரா, ஓசுவின் மறைவுக்குப் பிறகு திரையை விட்டு விலகி, கமாகுராவிலேயே ஒதுங்கி வாழ்ந்து 2015-ல் தொண்ணூற்றைந்து வயதில் இறந்தார். அவரைப் பரிதாபத்துக்குரியவராக அந்த ஊர் பார்த்ததாகத் தெரியவில்லை.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஜப்பான் கடினம். சாற்றில் எல்லாம் மீன். கமாகுராவின் கென்சோ-ஜி மடத்தில் தோன்றியதாகச் சொல்லும் கென்சின் சாறு மட்டும், மடத்து முறைப்படி செய்தால், மீன் சேராதது. முள்ளங்கி, கேரட், சேப்பங்கிழங்கு, டோஃபு. அதுதான் என் பிறந்தநாள் விருந்து. நம் ஊரில் தனியாக ஓட்டலுக்குப் போனால், "கூட யாரும் வரலையாம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் இலை போடுவார்கள். அங்கே கேட்கவில்லை. ஒற்றை ஆளுக்கென்றே நீள மேசையில் நாற்காலிகள் இருக்கின்றன.

அறுபதில் தனியே கிளம்புகிறவர்கள் மருந்துச் சீட்டையும், பயணக் காப்பீட்டையும், விடுதி முகவரியை வீட்டாரிடம் கொடுப்பதையும் அலட்சியம் செய்யக்கூடாது. வீட்டில் இருப்பவர்களைத் தவிக்க விடுகிற தனிமை அறமாகாது. வெளிநாடுதான் போக வேண்டும் என்பதும் இல்லை. எனக்கு ராமேஸ்வரத்தில் அது முடியாது. யார் வீட்டுப் பெண் என்று கேட்க நாலு பேர் இருக்கிறார்கள். வேறொருவருக்குப் பக்கத்து மாவட்டமே போதும்.

தனக்கென்று ஒரு பிறந்தநாள் என்பது எல்லாருக்கும் வாய்த்த பொருள் அல்ல. ஜப்பானியரும் பழைய முறையில் புத்தாண்டன்று ஊரோடு சேர்ந்து ஒரு வயது கூட்டிக்கொண்டவர்கள்தாம். பிறந்த தேதியை வைத்து வயதைச் சொல்ல வேண்டும் என்ற சட்டம் 1950-ல்தான் அமலுக்கு வந்தது. என் அம்மாவுக்குத் தன் தேதி தெரியாது. அறுப்பு முடிந்த சமயம் என்பார். அவருக்கு அறுபது நிறைந்த நாள் எது என்று எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை.

உங்கள் வீட்டில் அம்மாவோ, அத்தையோ, மணமாகாத அக்காவோ துணையில்லாமல் அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தால் தேதியைக் கேட்டு வையுங்கள். அன்று எங்கே இருக்க ஆசை என்றும் கேளுங்கள். "நான் மட்டும் போயிட்டு வர்றேன்" என்று அவர் சொன்னால், ஒரே ஒரு டிக்கெட் எடுத்துக் கொடுங்கள்.