ஆய்வுப் பட்டமும் அறமும்

ஒருவர் தம் பெயருக்கு முன்னே ‘முனைவர்’ என்னும் சொல்லைச் சேர்த்துக்கொள்ளும் உரிமையைத் தமக்குத் தாமே வழங்கிக்கொள்ள இயலாது. அதனை ஒரு பல்கலைக்கழகம் வழங்குகிறது. வழங்குவதற்கு முன் அது விதிகள் பலவற்றை வகுத்து வைக்கிறது. இன்ன தகுதியுடையோரே சேரலாம். இத்தனை ஆண்டிற்குள் முடித்தல் வேண்டும். இன்னார் மேற்பார்வையில் ஆய்தல் வேண்டும். இத்தனை பேர் ஆய்வேட்டைப் படித்து மதிப்பிடுதல் வேண்டும் என்பன அவை. அறிவுத் தேட்டமோ இயல்பில் கட்டுக்கு அடங்காதது. எந்த வினா எப்போது எழும், அதற்கு விடை எத்தனை ஆண்டில் கிடைக்கும் என்று எவரும் முன்கூட்டி உரைத்துவிட முடியாது. கட்டுக்கு அடங்காத ஒன்றைக் கட்டுப்படுத்த முனைவதற்கு என்ன நியாயம் உண்டு? அந்த நியாயம் எந்த எல்லை வரை செல்லும்? பட்ட மேற்படிப்பைப் பற்றிய நிருவாகச் செய்தி போலத் தோன்றும் இவ்வினா, உள்ளே நுழைந்து நோக்கின் ஓர் அறநெறி வினாவாகும்.

கிள்ளானுக்கும் பந்திங்கிற்கும் இடையே அமைந்த தெலுக் பங்லிமா காராங்கில் பணியாற்றும் ஒரு தமிழாசிரியரை எண்ணிப் பார்க்கலாம். தோட்டப்புறத்து நாட்டுப்பாடல்களைப் பற்றி முனைவர் ஒருவர் எழுதிய நூல் அவர் கைக்கு வருகிறது. அதிலுள்ள கருத்தொன்றை வகுப்பில் எடுத்துரைக்க அவர் விரும்புகிறார். நூலாசிரியர் முதியவர்களை நேரிற்கண்டு பாடல்களைக் கேட்டு எழுதினாரா, பிறர் தொகுப்பிலிருந்து எடுத்துக்கொண்டாரா என்று துருவிப் பார்க்க அவருக்கு வாய்ப்பில்லை. “இதனை அறிந்தோர் முன்னரே சோதித்திருப்பர்” என்னும் நம்பிக்கையிலேயே அவர் பாடம் நடத்துகிறார். அவர் சொல்லை மாணவர் நம்புகின்றனர். ஆய்வேட்டில் ஒரு பொய் நுழைந்திருக்குமாயின் அது பத்து வயதுப் பிள்ளையின் குறிப்பேடு வரை நடந்து வந்துவிடும். ஆகவே ஆய்வுப் பட்டம் என்பது பெறுபவருக்கு அணியப்படும் மாலை மட்டுமன்று. அவரை ஒருபோதும் காணப்போகாத மக்களுக்குப் பல்கலைக்கழகம் தரும் வாக்குறுதியும் ஆகும். விதிகளின் முதல் நியாயம் இவ்வாக்குறுதியிலேயே வேர்கொண்டுள்ளது.

அரங்கேற்றமும் அவையும்

இந்நெறி தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்தில் அதங்கோட்டாசானுக்குக் குற்றமறக் காட்டி அரங்கேற்றப்பட்டது என்று அதன் சிறப்புப் பாயிரம் கூறுகிறது. அங்கே மூவர் நிற்பதைக் கருதல் வேண்டும்: நூல் செய்தவர், அதனைத் தடைவிடைகளால் ஆராய்ந்தவர், அந்த ஆராய்ச்சி நிகழ இடமளித்த அவை. எழுதியவரே மதிப்பிடவில்லை; இடமளித்த அரசனும் மதிப்பிடவில்லை. நூலறிந்த ஒருவர் மதிப்பிட்டார்; அவையோர் அதனைக் கேட்டனர். இன்றைய பல்கலைக்கழகம் வாய்மொழித் தேர்வு என்று வழங்குவதன் உள்ளீடும் இதுவே.

நன்னூலின் பொதுப்பாயிரம் இன்னும் ஒரு படி மேற்செல்கிறது. பவணந்தியார் மாணாக்கரை அன்னம், ஆ, மண், கிளி, இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என வகுத்ததைத் தமிழாசிரியர் அனைவரும் அறிவர். மாணவனைக் கடிந்துகொள்ளும்போது அப்பகுதியை நினைவுகூர்வதும் உண்டு. ஆயின் அதே பாயிரம் ஆசிரியரையும் நிறுத்துப் பார்க்கிறது என்பது பல வேளைகளில் மறக்கப்படுகிறது. நிலம், மலை, நிறைகோல், மலர் ஆகியன நல்லாசிரியருக்கு உவமைகள். கழற்பெய்குடம், மடற்பனை, பருத்திக்குண்டிகை, முடத்தெங்கு ஆகியன ஆசிரியராகத் தகாதோருக்கு உவமைகள். ஒருவர் தோட்டத்தில் நின்று அடுத்தவர் தோட்டத்திற் காய் உதிர்க்கும் முடத்தெங்கு, தன் மாணவரை மறந்து பிற பணிகளில் உழலும் மேற்பார்வையாளருக்கு இன்றும் பொருந்தும். கற்பவரைக் கட்டும் விதி கற்பிப்பவரையும் கட்டுதல் வேண்டும் என்பதே நன்னூல் தரும் பாடம்.

விதி பிறந்த வரலாறு

மேலைநாட்டுப் பல்கலைக்கழக வரலாறும் இக்கருத்தை உறுதிசெய்கிறது. 1179ஆம் ஆண்டில் போப்பாண்டவர் மூன்றாம் அலெக்சாண்டர் கூட்டிய மூன்றாம் இலாத்தரன் பேரவை, கற்பிக்கும் உரிமம் வழங்குவதற்குக் கட்டணம் வாங்கலாகாது என்றும், தகுதியுடைய ஒருவருக்கு அதனை மறுக்கலாகாது என்றும் விதித்தது. உரிமம் வழங்கும் அதிகாரம் பெற்றவர் அதனை விற்கவும் கூடும், பகையினால் மறுக்கவும் கூடும் என்பதை அன்றே உணர்ந்திருந்தனர். கற்றோரை அடக்குவதற்காக அன்றி, கற்றோரை அதிகாரத்தினின்று காப்பதற்காக எழுந்த விதி அது.

ஆராய்ச்சியையும் கற்பித்தலையும் ஒரே கூரையின் கீழ்க் கொணர்ந்தது 1810இல் தொடங்கிய பெர்லின் பல்கலைக்கழகம். அந்த மரபினைப் பின்பற்றிய ஆய்வுப் பட்டம் அமெரிக்காவில் 1861இல் ஏல் பல்கலைக்கழகத்தில் முதன்முதலாக வழங்கப்பட்டது. ஆக்ஸ்போர்டு 1917இல் அதனை ஏற்றது. ஆனால் பட்டத்தின் பெருமை வளர வளர அதன் வாணிகமும் வளர்ந்தது. மாணவர் நேரில் வராமலும், வாய்மொழித் தேர்வு இன்றியும், கட்டணத்தைப் பெற்றுக்கொண்டு பட்டம் வழங்கும் வழக்கம் செர்மானியப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றிற் பரவியிருந்தது. உரோமானிய வரலாற்றறிஞர் தியோடர் மொம்சென் 1876இல் அதனைக் கண்டித்து வெளிப்படையாக எழுதினார். பணத்திற்கு ஆய்வேடு எழுதித் தருவோரும், வினவிய நொடியிற் பக்கம் பக்கமாய் எழுதித் தரும் கணினிப் பொறிகளும் உள்ள இந்நாளில் மொம்சென்னின் கவலை பழமையானதாகத் தோன்றவில்லை. எழுதியவரை எதிரே அமர்த்தி “இதனை எவ்வாறு அறிந்தீர்?” என்று வினவும் தேர்வு முறைக்கு முன்னினும் மிகுந்த தேவை இன்று உண்டு.

மலேசிய அமைப்பு

மலாயாப் பல்கலைக்கழகம் 1949இல் சிங்கப்பூரில் உருவாயிற்று. 1959இல் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இரு பிரிவுகளாயிற்று. 1962இல் கோலாலம்பூர்ப் பிரிவு அப்பெயருடன் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. இந்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவான சட்டம் 1971இல் வந்தது. கல்வி சார்ந்த அதிகாரம் செனட் சபையிடம் உள்ளது. பாடத்திட்டம், தேர்வு, பட்டம் ஆகிய அனைத்தும் அச்சபையின் ஒப்புதலுக்கு உரியன. தனியார் உயர்கல்விக்கு 1996இல் தனிச் சட்டம் பிறந்தது. 2007இல் அமைந்த மலேசியத் தகுதி முகமை, அரசு, தனியார் என்னும் வேறுபாடின்றித் தகுதிகளை எட்டு நிலைகளாக வரிசைப்படுத்தும் சட்டகத்தைப் பேணுகிறது. அதில் முதுகலை ஏழாம் நிலை. முனைவர் பட்டம் எட்டாம் நிலை. முதுகலையைப் பாடவழியாகவோ, ஆய்வுவழியாகவோ, இரண்டும் கலந்தோ பயிலலாம். பாடவழிக்கும் கலப்பு முறைக்கும் குறைந்தது 40 புள்ளிக்கூறுகள் வேண்டும். முழு ஆய்வுப் பட்டத்திற்கு அவ்வாறு புள்ளிக் கணக்கு இல்லை. ஆய்வேடே அங்கு அளவை.

புள்ளிகளால் எண்ண முடியாத இடம் ஒன்றை விதியே ஒப்புக்கொள்வது சிந்திக்கத்தக்கது. எண்ணுவது எளிது, மதிப்பிடுவது அரிது. எளிதானது அரிதானதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் இடர் எப்போதும் உண்டு. 2011இல் தொடங்கிய ‘மைபிரேன் 15’ திட்டம் 2023க்குள் 60,000 முனைவர்களை உருவாக்குதல் வேண்டும் என்று இலக்கு வைத்தது. வசதியற்ற பலருக்கு உயர்கல்வியின் கதவைத் திறந்த நன்னோக்கம் அதற்கு உண்டு. எனினும் நாடு எத்தனை முனைவர்களைப் பெற்றது என்னும் கேள்விக்கு அருகே, அவர்களால் எத்தனை உண்மைகளைப் பெற்றது என்னும் கேள்வியையும் வைத்தல் வேண்டும். இரண்டாவது கேள்விக்கு எந்தப் பட்டியலும் விடை தராது.

ஆர்வர்டு பல்கலைக்கழகத்து மெய்யியலறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1903இல் எழுதிய கட்டுரை ஒன்றில், முனைவர் பட்டத்தை எங்கும் கைநீட்டிப் பற்றும் எண்காலிக்கு ஒப்பிட்டார். மெய்யியல் கற்ற ஒருவர் வேறொரு கல்லூரியில் இலக்கியம் கற்பிக்கச் சென்றார். கற்பிக்கும் ஆற்றல் அவரிடம் இருந்தது. பட்டம் இல்லை என்பதே குறையாயிற்று. பட்டத்தைத் தேடி ஓடுவோர் பெருகின் அறிவைத் தேடி நடப்போர் அருகுவர் என்பது ஜேம்ஸின் அச்சம். தமிழுலகில் இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. எந்த ஆய்வுப் பட்டத்திற்கும் பதிந்துகொள்ளாமலே ஏட்டுச்சுவடிகளை மீட்டுப் பதிப்பித்தவர் உ. வே. சாமிநாதையர். சென்னைப் பல்கலைக்கழகம் 1932இல் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. அறிவு முன்னே சென்றது. பட்டம் பின்னே வந்தது.

வழியும் அளவையும்

அவ்வாறாயின் விதிகளைத் தளர்த்திவிடலாமா? இங்கேதான் ஒரு வேறுபாட்டைத் தெளிவாகக் காணுதல் வேண்டும். மேற்படிப்பு விதிகள் இருவகைப்படும். யார் சேரலாம், எவ்வளவு காலத்தில் முடிக்கலாம், எவ்வளவு கட்டணம் செலுத்தலாம் என்பன வழியைப் பற்றியவை. ஆய்வேட்டிற் கூறியது உண்மையா, புதியதா, சொந்த உழைப்பா என்பன அளவையைப் பற்றியவை. வழியைப் பற்றிய விதி வளையலாம். அளவையைப் பற்றிய விதி வளைதல் ஆகாது.

இராமானுசன் வாழ்க்கை இதற்கு ஒளி தருகிறது. கல்லூரித் தேர்வில் தோற்று, பட்டம் எதுவுமின்றித் துறைமுக அலுவலகத்தில் எழுத்தராயிருந்தவர் அவர். ஆய்வு உதவித்தொகை முதுகலைப் பட்டம் பெற்றோருக்கே உரியது என்பது சென்னைப் பல்கலைக்கழகத்தின் விதி. ஆராய்ச்சியை வளர்ப்பது பல்கலைக்கழகத்தின் நோக்கம் என்று அதன் சட்டத்து முகவுரையே கூறுகிறதே என்னும் வாதம் அப்போது எழுந்தது. 1913இல் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை அவருக்குக் கிடைத்தது. நோக்கத்தைக் காட்டி வழியின் விதியை வளைத்தனர். ஆயின் 1916இல் கேம்பிரிட்சு அவருக்கு ஆய்வுவழிப் பட்டம் அளித்தபோது, எண்களைப் பற்றிய அவருடைய ஆய்வுக் கட்டுரையே அடிப்படையாயிற்று. ஏழை என்றோ தொலைவிலிருந்து வந்தவர் என்றோ அளவை தளரவில்லை. வாயில் அகன்றது, துலாக்கோல் நேரே நின்றது.

இன்றைய கால வரம்புகளையும் இவ்வொளியிற் காணலாம். பகலிற் பள்ளியிற் பணியாற்றி, மாலையில் நெரிசலைக் கடந்து லெம்பா பந்தாய் சென்று பகுதிநேரமாக ஆயும் ஆசிரியருக்கும், முழுநேர உதவித்தொகை பெறும் இளைஞருக்கும் ஒரே கடிகாரத்தை வைப்பது சமன்மை போலத் தோன்றும், நீதியாகாது. இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகள் முனைவர் பட்டத்திற்குக் குறைந்தது மூன்று ஆண்டும் கூடியது ஆறு ஆண்டும் வகுத்து, பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மேலும் ஈராண்டுத் தளர்வும், பெண்களுக்கு 240 நாள் வரை மகப்பேறு, குழந்தை வளர்ப்பு விடுப்பும் தந்துள்ளன. இவை ஆய்வேட்டின் தரத்தைக் குறைக்கவில்லை. அதனை எழுதி முடிக்கும் வாய்ப்பையே சமன்படுத்துகின்றன.

வழியை வளைக்கும் அதிகாரத்திற்கும் ஒரு காவல் வேண்டும். ஒருவருக்கு மட்டும் மறைவில் தரப்படும் விலக்கு சலுகையாகும். காரணம் எழுதி, அவையறியத் தந்து, அதே நிலையிலுள்ள எவர்க்கும் கிடைப்பதாயின் அது நீதியாகும்.

மேற்பார்வையாளரும் மாணவரும்

எல்லா விதிகளினும் மிகுந்த தேவையுடையது மேற்பார்வையாளருக்கும் மாணவருக்கும் இடையிலுள்ள உறவைப் பற்றியது. ஆண்டுக்கணக்கில் ஒருவருடைய கையொப்பத்தை எதிர்நோக்கி நிற்பவர் எளிதில் குரலெழுப்ப மாட்டார். தம் கருத்தை மறைத்துக்கொள்ளவும், தம் உழைப்பைப் பிறர் பெயரில் விடவும், இணங்கத் தகாதவற்றிற்கு இணங்கவும் அவர் தூண்டப்படலாம். குருபக்தி தமிழ் மரபின் செல்வமே. ஆயினும் பக்தி அச்சமாக மாறுமிடத்தில் அதற்குச் செல்வம் என்னும் பெயர் பொருந்தாது. ஆகவே ஒரு பேராசிரியர் எண்மருக்கும், இணைப் பேராசிரியர் அறுவருக்கும், உதவிப் பேராசிரியர் நால்வருக்கும் மேல் ஆய்வாளரை ஏற்கலாகாது என்று மேற்கூறிய இந்திய விதிகள் வரம்பிடுகின்றன. புறத்தேர்வாளர் வேண்டும் என்பதும், மேற்பார்வையாளரை மாற்றிக்கொள்ள வழி வேண்டும் என்பதும், முறையீட்டைக் கேட்க அவரைச் சாராத குழு வேண்டும் என்பதும் இதே காரணத்தால் எழுந்தவை. பயிருக்கு இட்ட வேலியே பயிரை மேயாதிருக்க, வேலிக்கும் ஒரு காவல் தேவைப்படுகிறது.

கடனும் கடமையும்

மலேசியத் தமிழர் இவ்வினாவை நோக்குவதற்கு மேலும் ஒரு காரணம் உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்து இந்திய ஆய்வியல் துறை 1956இல் தொடங்கியது. அதில் தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று கிளர்ச்சி எழுந்தபோது, ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் பெயரில் நிதி திரட்டினார். பல்கலைக்கழகத்தின் வாயிலையே காணாத எளிய மக்களும் அதற்குத் தம் சிறுபொருளை ஈந்தனர். 1961இல் துறைக்கு வந்த தனிநாயக அடிகள் 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டை நடத்திக் காட்டினார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இலண்டனிலும் ஆய்வுப் பட்டங்களுக்கு உழைத்து, அவற்றின் கட்டுப்பாட்டைத் தாம் கடந்து வந்தவர் அவர்.

கொடுத்தவர்கள் ஆய்வேடுகளைப் படிக்கவில்லை. தங்கள் பேரப்பிள்ளைகளுள் ஒருவரேனும் அவற்றை எழுதுவார், எழுதுவது மெய்யாயிருக்கும் என்று நம்பினர். செனட் சபையின் விதிப்புத்தகத்தில் அவர்களுக்கு இடமில்லை. ஆனால் அதிலுள்ள ஒவ்வொரு விதியும் அவர்கள் முன்னே விடை கூறக் கடமைப்பட்டது. இவ்விதி உண்மையைக் காக்கிறதா? எளியவருக்கு வழிவிடுகிறதா? வலியவரைத் தடுக்கிறதா? இம்மூன்றுக்கும் ஆம் என்று விடை தரும் விதி எத்துணைக் கடுமையாயினும் மதித்தற்குரியது. ஒன்றுக்கும் ஆம் என்று கூற இயலாத விதி எத்துணைப் பழமையாயினும் மாற்றுதற்குரியது. இவ்வினாக்களை எழுப்பும் உரிமை துணைவேந்தருக்கு மட்டும் உரியதன்று. நாளை அவ்வாயிலில் நுழையவிருக்கும் மாணவருக்கும், அவரை அங்கு அனுப்பிவைக்கும் தமிழாசிரியருக்கும் அது உரியது.