அச்சில் வார்த்த வீடும் தச்சுக் கழித்தலும்

தமிழர் வீடு கட்டும் முறையில், மனை கோலும்போது ஒன்று, வானம் தோண்டும்போது ஒன்று, நிலை வைக்கும்போது ஒன்று, குடி புகும்போது ஒன்று என வேலையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் உரிய வழிபாடு உண்டு. மனை கோலுதல் என்பது நிலத்தில் கயிறு பிடித்து வீட்டின் அளவைக் குறிப்பது. வானம் என்பது கடைக்காலுக்காகத் தோண்டும் பள்ளம். நிலை என்பது தலைவாசற் கதவைத் தாங்கும் சட்டம். இவை எல்லாமே வேலை சற்று நின்று மீண்டும் தொடங்கும் இடைவெளிகளில் அமைந்த சடங்குகள் என்பதால், கட்டும் பொருளும் கருவியும் மாறி அந்த இடைவெளிகளே மறையும்போது சடங்குக்கு என்ன பொருள் எஞ்சுகிறது என்ற வினா எழுகிறது. அதற்கு அடியில் இன்னும் பழைய வினா ஒன்று இருக்கிறது: வீட்டின் புனிதம் அது எழுந்த பொருளில் உறைகிறதா, எழுப்பிய செயலில் உறைகிறதா, நிற்கும் மண்ணில் உறைகிறதா?

மும்பைத் தமிழருக்கு இவ்வினா இப்போது நேரடியானது. அவர்களில் பலர் வாழும், ஏறத்தாழ 240 ஹெக்டேர் பரப்புள்ள குடிசைப் பகுதியான தாராவியை மறுசீரமைக்கும் திட்டத்தை மகாராஷ்டிர அரசு 2023 ஜூலையில் அதானி குழுமத்துக்கு முறையாக வழங்கியது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் குடியிருப்போருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசமாகக் கிடைக்கும் என்பது திட்டத்தின் அடிப்படை விதி. செம்பூரிலும் மாட்டுங்காவிலும்கூடப் பழைய கட்டடங்கள் இடிக்கப்பட்டு, அங்கே இருந்தவர்கள் அடுக்குமாடிகளுக்கு மாறி வருகின்றனர். தாராவியில் இதுவரை வீடு என்பது குடியிருப்பவர் தாமே சிறுகச் சிறுகக் கட்டியது; ‘பத்ரா’ எனப்படும் தகரத்தால் அடைத்த, ‘கோலி’ என்னும் ஓர் அறை சில ஆண்டுகளில் செங்கல் சுவர் பெற்று, பிள்ளைகள் வளர்ந்தபின் இரும்பேணி வைத்து ஏறும் ‘மாலா’ என்னும் மேல்தட்டையும் பெறும். இனி வரும் வீடு, குடிபுகுவோர் கை படாமல், முழுதாக முடிந்த நிலையில் சாவியோடு வந்து சேரும்.

அந்த வீடு எப்படி எழுகிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இவ்வினாவை ஆராய முடியாது. மும்பையின் உயர்மாடிகள் பலவற்றில் இப்போது அலுமினியத் தகடுகளாலான அச்சுகளைப் பூட்டி, சுவரையும் தளத்தையும் ஒரே வார்ப்பாகக் கான்கிரீட்டில் ஊற்றிவிடுகிறார்கள். இம்முறையை அறிமுகப்படுத்திய நிறுவனத்தின் பெயராலேயே கட்டடக்காரர்கள் இதை ‘மைவான்’ என்கிறார்கள். ஆலையில் கலந்து லாரியில் சுழன்றபடி வரும் கான்கிரீட்டைக் குழாய் வழியே மேலேற்றி, ஒரு தளத்தை ஏறக்குறைய ஒரு வாரத்தில் முடித்து, அதே அச்சுகளைக் கழற்றி மேல்தளத்தில் மாட்டுகிறார்கள். வேறு கட்டடங்களில் செங்கல்லின் இடத்தை ஏஏசி என்னும் நுரைக்கல் பிடித்திருக்கிறது. சுவீடனில் 1920களில் யோஹான் அக்சல் எரிக்சன் கண்டறிந்த இக்கல், புனேவில் 1970களிலேயே சிபோரெக்ஸ் என்ற பெயரில் வரத் தொடங்கிவிட்டது. அனல்மின் நிலையச் சாம்பல், சுண்ணாம்பு, சிமெண்டு, ஜிப்சம் ஆகியவற்றின் குழம்பில் சிறிது அலுமினியத் தூளை இட்டால், அது சுண்ணாம்போடு வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயுவை விடுகிறது. அக்குமிழிகளால் பொங்கி நிற்கும் குழம்பைக் கம்பியால் அறுத்து, உயரழுத்த நீராவியில் வேகவைத்து இறுக்குகிறார்கள். செங்கல்லின் எடையில் பாதிக்கும் குறைவாகவே இருக்கும் இக்கல்லில் செங்கற்சூளை நெருப்பும் இல்லை, வயல் மண்ணும் இல்லை.

பழைய முறையில் நிலையே முதலில் நின்றது. மஞ்சளும் குங்குமமும் பூசி, நவதானியத்தை முடிந்த துணியை மேற்சட்டத்தில் கட்டி, முட்டுக்கொடுத்து நிலையை நிறுத்தியபின் சுவர் அதனைச் சூழ்ந்து எழுந்தது. வார்ப்பு முறையிலோ வாசலுக்கான வெற்றிடம் அச்சிலேயே விடப்பட்டு, எல்லாச் சுவரும் முடிந்த பிறகு, மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த சட்டம் திருகாணியால் பொருத்தப்படுகிறது. வீட்டின் தொடக்கமாக இருந்த ஒன்று அதன் கடைசி வேலைகளில் ஒன்றாகிவிட்ட நிலையில், பொருத்தி முடித்த சட்டத்துக்கு மஞ்சள் பூசுவதால் பழைய சடங்கு நிறைவேறியதா என்று கேட்பவர்களைப் பழைமைவாதிகள் என ஒதுக்கிவிடக் கூடாது.

இவ்வினாவுக்கு ‘பொருளே புனிதம்’ என்று விடை கூறுவோர் உண்டு: தேக்கும் சுண்ணாம்பும் சுட்ட செங்கல்லும் தூயவை, சாம்பலும் பிளாஸ்டிக்கும் அல்ல என்பது அவர்கள் வாதம். தமிழகத்துக் கோயில் வரலாறே இதை ஏற்கவில்லை. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மண்டகப்பட்டில் பாறையைக் குடைந்து மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்த முதலாம் மகேந்திரவர்மன், செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இல்லாமல் அதைச் செய்ததாகக் கல்வெட்டில் பொறித்தான். அந்நான்கும் அன்று கோயிலுக்கு இயல்பான பொருள்களாக இருந்ததனாலேயே அவை இன்றி ஆக்கியது பதிவு செய்யத்தக்க புதுமையாயிற்று. இறந்தோர் நினைவோடு கல் பிணைந்திருந்ததால் தெய்வத்துக்கு அதைக் கையாளத் தயக்கம் இருந்தது என்று ஆய்வாளர் சிலர் கருதுவர். அக்கருத்து சரியானால், இன்று கருங்கல்லைத் தவிர வேறெதுவும் ஆகாது என்று சொல்லும் மரபு, ஒரு காலத்தில் கருங்கல்லையே ஏற்கத் தயங்கிய மரபின் வழிவந்தது ஆகும்.

பொருளே வேண்டாம் என்ற நிலைக்கும் தமிழ்ச் சைவம் சென்றிருக்கிறது. பெரியபுராணம் கூறும் பூசலார் நாயனார் வரலாற்றில், திருநின்றவூரில் பொருள் கிடைக்காத அடியவர் மனத்துக்குள்ளேயே கோயில் எழுப்ப, காஞ்சியில் கற்றளி எடுத்த பல்லவ மன்னனிடம் சிவபெருமான் கனவில் தோன்றி, அதே நாளில் பூசலார் கோயிலுக்குத் தாம் செல்லவிருப்பதால் வேறு நாள் பார்க்கச் சொல்கிறார். இக்கதையை ‘உள்ளன்பே போதும்’ என்று சுருக்கிச் சொல்வது வழக்கம்; அச்சுருக்கம் கதைக்கு நீதி செய்யவில்லை. பூசலார் மனத்துள்ளும் குறுக்குவழி தேடவில்லை. பொருள் சேர்த்தார், தச்சரைத் தேடினார், நல்ல நாளில் தொடங்கினார், இரவும் கண் துயிலாமல் அடிமுதல் சிகரம் வரை வரிசை பிறழாமல் எழுப்பினார், கிணறும் மதிலும் அமைத்தார். கல் இல்லாத கோயிலிலும் கட்டுதலின் ஒழுங்கு முழுமையாக இருந்தது. ஆகவே புனிதம் பொருளில் இல்லை என்று கொண்டால், கட்டுவோர் ஒவ்வொரு படியிலும் செலுத்தும் கவனத்தில்தான் அதைத் தேட வேண்டியிருக்கிறது.

அந்தக் கவனம் எதன்மீது செல்ல வேண்டும் என்பதைத் ‘தச்சுக் கழித்தல்’ தெளிவாக்குகிறது. தாராவித் தமிழரில் பலரின் பூர்வீகமான திருநெல்வேலிச் சீமையிலும் அதன் தெற்கேயும் வழங்கும் இச்சடங்கு, குடிபுகுவதற்கு முன் இரவில் நடைபெறும். அதை நடத்துபவர் புரோகிதர் அல்லர், வீட்டைக் கட்டிய ஆசாரி. வெட்டிய மரத்திலும் தோண்டிய மண்ணிலும் இருந்தவற்றுக்கு இழைத்த தீங்கு வீட்டில் தங்காமல், கோழியோ பூசணியோ பலியிட்டு, அத்தீங்கை வெளியேற்றுவதே இதன் நோக்கம். ஆறாம் நூற்றாண்டின் வராகமிகிரரும் பிருகத் சம்ஹிதையில், சிலைக்காக மரம் வெட்டப் போகிறவன் முந்தைய இரவே மரத்துக்குப் படையலிட்டு, அதில் வாழும் உயிர்கள் அதைப் பெற்றுக்கொண்டு வேறிடம் செல்லுமாறும் தன்னைப் பொறுத்தருளுமாறும் வேண்ட வேண்டும் என விதிக்கிறார். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே: எந்த வீடும் பிறிதொன்றின் இழப்பில்தான் எழுகிறது, குடிபுகுவோர் அதை அறிந்து புக வேண்டும்.

புதிய பொருள்களால் அந்த இழப்பு நீங்கவில்லை, கண்ணுக்கு எட்டாத இடத்துக்குப் போயிருக்கிறது. நுரைக்கல்லின் சாம்பலுக்குப் பின்னால் நிலக்கரிச் சுரங்கம் இருக்கிறது. கான்கிரீட்டின் மணலுக்கும் ஜல்லிக்கும் பின்னால் அறுக்கப்பட்ட ஆறும் உடைக்கப்பட்ட மலையும் இருக்கின்றன. அச்சு பூட்டும் வேலையைப் பெரும்பாலும் தொலைவூர்களிலிருந்து வந்து தகரக் கொட்டகையில் தங்கும் தொழிலாளர் செய்கின்றனர். கட்டியவர் முகத்தைக் குடிபுகுவோர் காண்பதில்லை என்பதால், வேட்டியும் தட்சிணையும் கொடுத்து ஆசாரியை வணங்கி அனுப்பும் செயலுக்கு இடமில்லாமல் போகிறது. கட்டுமானச் செலவில் நூற்றுக்கு ஒன்றேனும் தொழிலாளர் நலனுக்குச் செலுத்த வேண்டும் என 1996இல் இயற்றப்பட்ட சட்டம், சமயச் சொல் எதுவும் இல்லாமலே தச்சுக் கழித்தலின் ஒரு பகுதியைச் செய்ய முயன்றது எனலாம்.

கருவிகளைப் பொறுத்தவரை மரபுக்கு இச்சிக்கல் வரவில்லை. தூக்குக்குண்டும் ரசமட்டமும் இருந்த இடத்தில் சுவரில் செங்கோடு பாய்ச்சும் லேசர் மட்டம் வந்தபின், ஆயுத பூசையன்று அதற்கும் சந்தனம் வைக்கப்படுகிறது.

மண்ணைப் பற்றிய வினா இன்னும் கடுமையானது. மனை தேர்வதற்கு நூல்கள் கூறும் சோதனைகளில், குழி தோண்டி அம்மண்ணையே திரும்ப இட்டு, மிஞ்சினால் உத்தமம், குறைந்தால் ஆகாது எனக் கொள்வது ஒன்று. வெண்மை, செம்மை, மஞ்சள், கருமை என்ற மண் நிறங்களை நான்கு வருணங்களுக்கும் பங்கிடுவது மற்றொன்று. தாராவி மாகிம் கழிமுகத்தை ஒட்டிய சதுப்பு நிலம். தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தவர்கள் உட்பட அங்கே குடியேறியோர் குப்பையும் கழிவும் கொட்டி மேடாக்கிய தரை. சோதனைக் குழி எதிலும் தேறாத அந்த மண்ணில்தான் 1887இல் பெரிய மசூதியும் 1913இல் தமிழ் ஆதிதிராவிடர்களின் கணேசர் கோயிலும் எழுந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரில் மாடிவீடு கட்டவே சில சாதியினருக்கு உரிமை மறுக்கப்பட்டிருந்ததை நினைத்தால், வருணம் கேட்காத சிமெண்டும் சாதி பாராமல் தளம் ஒதுக்கும் அடுக்குமாடியும் அறத்தின் பக்கம் நிற்கும் புதுமைகள் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சுண்ணாம்புச் சுவரை எண்ணி ஏங்கும் எழுத்துகள் இதை மறந்துவிடுகின்றன.

ஆனால் தாராவியின் மண்ணே மனித உழைப்பால் ஆனது என்றால், அதைத் தோண்டும்போது பொறுத்தருள வேண்டப்பட வேண்டியவர்கள் மரத்து உயிர்கள் அல்லர், மனிதர்கள். 2000க்குப் பின் 2011 வரை வந்தவர்களுக்குத் தாராவிக்கு வெளியே இரண்டரை லட்சம் ரூபாய்க்கு 300 சதுர அடி வீடு என்றும், மாலாவில் குடியிருப்போருக்கு வெளியிலேயே வாடகையோடு கூடிய தவணை முறையில் வீடு என்றும் விதி பிரிக்கிறது. ஏணிக்குக் கீழே இருப்பவர் தாராவியில் தங்க, ஏணிக்கு மேலே இருப்பவர் வெளியேற வேண்டும். பூமி பூசையில் அமர்ந்து மந்திரம் ஓதுவோரும் அதை ஏற்பாடு செய்வோரும் வராகமிகிரரின் விதியை மனத்தில் கொண்டால், போகிறவர்களிடம் முதலில் கேட்டு, அவர்கள் ஏற்கும் இடத்தை உறுதிசெய்து, அதன் பிறகே முதல் மண்வெட்டியை நிலத்தில் வைக்க வேண்டியிருக்கும்.